பழைய கணிப்பொறியும் பேச மறுக்கும் மோடமும்

இணையம் என்றதும் இன்று நம்மில் எவருக்கும் ஓர் ஓசை நினைவுக்கு வருவதில்லை. கால் நூற்றாண்டுக்கு முன் இணையத்திற்கு ஓசை இருந்தது. தொலைபேசிக் கம்பியில் எண்ணை அழைத்து, மறுமுனையில் ஒரு மோடம் எடுத்து, இரண்டும் கீச்சென்றும் கரகரவென்றும் அரை நிமிடம் இரைந்து அடங்கிய பின்னரே ஒரு மின்னஞ்சல் வந்து சேரும். இதனையே ‘டயல்-அப்’ என்றனர்.

“முடிந்துபோன கதைக்கு ஒரு கட்டுரையா?” என்று நண்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனமே தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-இல் நிறுத்திவிட்டது. ஆயினும் அறிவியல் துறைகளின் ஆய்வகங்களுக்குள் சற்று எட்டிப் பாருங்கள். விலை மிகுந்த கருவி ஒன்று நிற்கும். அதன் அருகே, அதனை ஆட்டிவைக்கும் பழைய கணிப்பொறி ஒன்று பழுப்பேறிய முகத்தோடு அமர்ந்திருக்கும். கருவி நல்ல நிலையில் இருக்கிறது. அதற்குரிய மென்பொருள் அந்தப் பழைய பொறியில் மட்டுமே ஓடும். ஆகவே இரண்டையும் பிரிக்க எவருக்கும் துணிவில்லை. அத்தகைய பொறியிலிருந்து ஆய்வு முடிவுகளை வெளியே கொணர வேண்டிய நாள் ஒன்று நம்முள் பலருக்கு வரும். அந்நாளில் அதன் வயிற்றில் உள்ள மோடம் ஒன்றே வாயிலாக அமையவும் கூடும். அது பேச மறுத்தால் என் செய்வது என்பதே இங்கு நாம் காணப்போவது.

முதலில் சிறிது வரலாறு. நம் நாட்டில் கணிப்பொறிகளை இணைக்கும் முயற்சி கல்விக்கூடங்களில்தான் தொடங்கியது. 1986-இல் எழுந்த ‘எர்நெட்’ திட்டத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், அன்றிருந்த ஐந்து ஐ.ஐ.டி.களும், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பங்குகொண்டன. சென்னை ஐ.ஐ.டி. அவ்வைந்தனுள் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. அரசு நிறுவனமாயிருந்த வி.எஸ்.என்.எல். அதனைத் தொடங்கிற்று. தனியார் நிறுவனங்கள் 1998-இல் உள்ளே வந்தன. அக்காலத்து மாணவர்கள் இணைப்புக்கு வேறு, தொலைபேசி அழைப்புக்கு வேறு என இருமுறை காசு கொடுத்தனர். எனவே ஒவ்வொரு நிமிடமும் எண்ணி எண்ணிச் செலவிடப்பட்டது. இது நிற்க.

மோடம் என்பது என்ன?

துறைமுகத்தில் சரக்கை ஏற்றுவோரும் இறக்குவோரும் இருப்பர். மோடம் அவ்விரு வேலையையும் ஒருங்கே செய்யும் கூலியாள். கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்கென்று அமைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3400 அதிர்வு வரை உள்ள ஒலிகளை மட்டுமே அது கடத்தும். ஆகவே 0-ஐயும் 1-ஐயும் ஒலியின் மேல் ஏற்றி அனுப்பவும், மறுமுனையிலிருந்து வந்த ஒலியினின்று அவற்றை இறக்கித் தரவும் ஓர் ஆள் வேண்டும். 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் விற்ற மோடம் நொடிக்கு 300 பிட்டுகள் அனுப்பியது. அதன் முறை எளிது: அழைக்கும் பக்கத்திற்கு 1070 அதிர்வு என்றால் 0, 1270 என்றால் 1. ஒருவன் இரண்டு சுருதிகளில் சீழ்க்கை அடிப்பது போன்றதே.

அங்கிருந்து 1998-இல் 56,000 பிட்டு வரை ஏறியது எப்படி? சீழ்க்கையை வேகமாக அடித்ததனால் அன்று. ஒலியின் வீச்சையும் கட்டத்தையும் ஒருங்கே மாற்றி, ஒரே அசைவில் பல பிட்டுகளை ஏற்றும் வித்தையைப் பொறியாளர் கற்றனர். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1948-இல் கிளாட் ஷானன் என்னும் அறிஞர் அதனைக் கணக்கிட்டுக் காட்டினார். கம்பியின் அகலத்தை, சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி அதன் இரும மடக்கையால் பெருக்கினால் எல்லை கிடைக்கும். நம் கம்பியின் அகலம் 3100 ஹெர்ட்ஸ். விகிதம் 35 டெசிபெல் என்று கொள்வோம். அதாவது ஏறத்தாழ 3160 மடங்கு. மடக்கை 11.6. பெருக்கினால் நொடிக்கு 36,000 பிட்டு. இரைச்சல் மிகுந்து விகிதம் 25 டெசிபெல்லாகக் குறைந்தால் எல்லை 26,000-க்கும் கீழே இறங்கிவிடும். நினைவிற் கொள்க: கம்பி கரகரத்தால் வேகம் குறைவது மோடத்தின் சோம்பல் அன்று; இயற்கையின் விதி.

பின் 56,000 எவ்வாறு வந்தது? விதியை எவரும் மீறவில்லை. தொலைபேசி நிலையம் நம் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக மாற்றி அனுப்புகிறது. அவ்வாறு மாற்றும்போது நேரும் தோராயமே ஒருவகை இரைச்சல். இணைய நிறுவனம் தன் முனையில் எண் வடிவிலேயே நிலையத்தோடு இணைந்துவிட்டால், அங்கிருந்து நம்மை நோக்கி வரும் வழியில் அந்த இரைச்சல் நுழைவதில்லை. வரும் வழிக்கு 56,000. நாம் அனுப்பும் வழிக்கோ பழைய 33,600 தான். இடையே இன்னொரு முறை ஒலியாகவும் எண்ணாகவும் மாற்றம் நேர்ந்தால் இச்சலுகை பறிபோகும். விடுதியிலோ துறையிலோ உள்ள உள்-இணைப்பகத்தின் வழியே அழைத்து, “56 என்று அட்டையில் எழுதியிருக்கிறதே, எனக்கு 28,800 தானே வருகிறது” என்று குறைப்படுவோர் இதனை அறிய வேண்டும். அங்கே பழுது எதுவும் இல்லை.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். சில பொறிகளின் திரையில் ‘115,200’ என்று வேகம் தெரியும். அது கணிப்பொறிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள ஒரு சாண் தூரத்து வேகம். கம்பியின் வேகத்தோடு அதற்கு உறவில்லை.

காதே முதற் கருவி

பழுது பார்க்கப் புகுவோர் பலர் உடனே திருகாணி முடுக்கியைத் தேடுகின்றனர். வேண்டா. மோடத்திற்கு ஒரு சிறு ஒலிபெருக்கி உண்டு. அதனை ஒலிக்கவிட்டுக் காது கொடுங்கள். இணைப்பு என்பது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணியில் அறுந்தது என்பதை ஓசையே சொல்லிவிடும்.

முதலில் வருவது டயல் டோன். அது கேட்கவில்லையென்றால் மோடம் ‘நோ டயல் டோன்’ என்று கைவிரிக்கும். விண்டோஸ் 680 என்னும் எண்ணைக் காட்டும். அப்போது மோடத்தினின்று கம்பியைக் கழற்றி ஒரு சாதாரணத் தொலைபேசியில் செருகிக் கேளுங்கள். அதிலும் ஓசை இல்லையேல் குற்றம் கம்பியில். ஓசை இருந்தால் கம்பியை மோடத்தின் எந்தத் துளையில் செருகியிருந்தோம் என்று பாருங்கள். மோடத்தில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் கம்பிக்கு, மற்றொன்று தொலைபேசிக் கருவிக்கு. மாற்றிச் செருகுவது மிகப் பரவலான நோய். இரண்டும் சரியாயிருந்தும் மோடத்திற்கு மட்டும் ஓசை தெரியவில்லையென்றால், அதற்கு ஓசை கேட்கிறது, ஆனால் அடையாளம் தெரியவில்லை என்று பொருள். அமெரிக்காவின் டயல் டோன் 350, 440 என்னும் இரு அதிர்வுகளின் கூட்டு. நம் நாட்டினது 400-ஐ ஒட்டியது. உள்-இணைப்பகங்களோ தத்தம் மனம்போனபடி ஒலிக்கும். ஊர் மாறி வந்த நம்மைப் போலவே மோடமும் புது மொழி கேட்டுத் திகைக்கிறது. ‘டயல் டோனுக்காகக் காத்திராதே’ என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அடுத்து எண்களின் ஓசை. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு அதிர்வுகள் சேர்ந்து ஒலிக்கும். 5 என்றால் 770-உம் 1336-உம். மிகப் பழைய நிலையங்கள் இதனை அறியா. அவற்றிற்கு நொடிக்குப் பத்தாக மின்னோட்டத்தை வெட்டி வெட்டி எண்ண வேண்டும். எண்களை அழுத்திய பின்னும் டயல் டோன் நிற்காமல் தொடர்ந்தால் இதுவே காரணம் என்க. வெளியழைப்புக்கு 0 அழுத்த வேண்டிய இடங்களில் 0-வின் பின் ஒரு காற்புள்ளி இடுங்கள். ஒரு காற்புள்ளிக்கு மோடம் இரண்டு நொடி பொறுக்கும். அப்பொறுமை இல்லாமையால் எத்தனையோ அழைப்புகள் யாரோ ஒருவர் வீட்டு மணியை நள்ளிரவில் அடித்திருக்கின்றன!

மறுமுனை எடுத்ததும் நீண்ட ஒற்றைச் சுருதி ஒன்று எழும். அது 2100 அதிர்வு. “பேசப்போவது மனிதர் அல்லர், உங்கள் எதிரொலி அடக்கிகளை அணைத்துவிடுங்கள்” என்று நிலையத்திற்குச் சொல்லும் அறிவிப்பு அது. இதுவே கேட்காமல் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் மறுமுனையில் பதில் இல்லை. விண்டோஸ் 678 என்னும். வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் 676.

இதன் பின்னர் வரும் இரைச்சலில்தான் சுவை மிகுதி. முதலில் இரண்டு மோடங்களும் 300 பிட்டு வேகத்தில், பழைய சீழ்க்கை மொழியிலேயே, “உனக்கு எவ்வெந்த முறைகள் தெரியும்?” என்று விசாரித்துக்கொள்கின்றன. அறிமுகமற்ற இருவர் ரயில் பெட்டியில் எந்த மொழியில் பேசுவது என்று உடைந்த இந்தியில் தீர்மானிப்பது போல! பின் 150 முதல் 3750 வரையுள்ள பல சுருதிகளை ஒருங்கே ஒலித்து, கம்பி எந்தச் சுருதியை விழுங்குகிறது, எதனைக் கடத்துகிறது என்று சோதிக்கின்றன. பின் தன் குரலின் எதிரொலியைக் கழித்துவிட்டு எதிராளியின் குரலை மட்டும் பிரித்தறியப் பயிற்சி. இறுதியில் எழுவது மழையின் இரைச்சல் போன்ற ஒலி. அது குப்பை அன்று. கம்பியின் அகலம் முழுவதையும் நிரப்பும் செய்தி, கேட்போர் காதிற்கு வெறும் இரைச்சலாகவே ஒலிக்கும். ஷானனின் கணக்கைக் காதால் கேட்க விரும்புவோர்க்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

இந்த இரைச்சல் மீண்டும் மீண்டும் தொடங்கி, பின் ‘நோ கேரியர்’ என்று முடிந்தால், இருவரும் சந்தித்தனர், ஆனால் ஒப்பந்தம் ஆகவில்லை என்று பொருள். பெரும்பாலும் கம்பியின் குற்றமே. தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று அமைதி பிறக்கும். அந்த அமைதியை உற்றுக் கேளுங்கள். ‘உம்’ என்று தொடர்ந்த முனகல் கேட்டால் அருகே மின்சாரக் கம்பி ஓடுகிறது. படபடவென்று வெடித்தால் இணைப்பில் துரு. மழைக்காலத்தில் மட்டும் வந்தால் தெருமுனைப் பெட்டியில் நீர் புகுந்திருக்கிறது. ஒரே கம்பியில் இரண்டு மூன்று தொலைபேசிகள் கிளைத்திருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

இங்கே உலகியல் அறிவு ஒன்றும் சொல்ல வேண்டும். லைன்மேனிடம் “இன்டர்நெட் வரவில்லை” என்று முறையிட்டுப் பயனில்லை. “அது என் வேலை அல்ல” என்பார். “பேசும்போது இரைச்சலாக இருக்கிறது” என்று சொல்லுங்கள், கேட்க வையுங்கள். குரலைச் சரியாகக் கடத்துவது அவர் கடமை. குரல் தெளிந்தால் மோடமும் தெளியும்.

ஓர் எச்சரிக்கை. பயன்பாட்டில் இல்லாதபோது தொலைபேசிக் கம்பியில் 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும்போது அதற்கு மேல் 75 வோல்ட்டுக்குக் குறையாத மாறுமின்சாரம் பாயும். அந்த நேரத்தில் வெறுங்கையால் கம்பியைத் தொட்டவர் மறவார். இடி மின்னல் நாட்களில் கம்பியைச் சுவரிலிருந்தே கழற்றி வைப்பது நலம். மின்னலுக்கு முதற்பலி மோடமே.

மோடத்தோடு நேரே பேசுதல்

1981-இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் ‘ஸ்மார்ட்மோடம்’ என்ற ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோடத்திற்கு எழுத்தால் கட்டளை இடும் முறை அதிலிருந்து பரவி, பின்னர் வந்த ஏறத்தாழ எல்லா மோடங்களுக்கும் பொதுமொழியாயிற்று. விண்டோஸ் 95, 98, எக்ஸ்.பி. ஆகியவற்றோடு வரும் ‘ஹைப்பர்டெர்மினல்’ என்னும் நிரலைத் திறந்து மோடத்தின் வாயிலைத் தேர்ந்தெடுத்தால் அதனோடு நேரே உரையாடலாம். கட்டளைகளை இங்குத் தமிழ் ஒலியில் தருகிறேன். ஆங்கில எழுத்துகளாகத் தட்டுக.

‘ஏ டி’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள். ‘ஓ கே’ என்று விடை வந்தால் கணிப்பொறியும் மோடமும் நலம், குற்றம் வெளியே. விடை வராவிட்டால் குற்றம் உள்ளே. கம்பியைத் திட்டுவதில் பொருளில்லை. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை மிச்சப்படுத்தும். ‘ஏ டி இஸட்’ பழைய அமைப்புகளை மறக்கச் செய்யும். ‘ஏ டி எக்ஸ் 3’ என்பதே நாம் முன்னர்த் தேடிய மருந்து. டயல் டோனுக்காகக் காத்திராமல் எண்ணை அழுத்தச் சொல்வது. ‘ஏ டி டி டி’ என்று தட்டி எண்ணையும் சேர்த்தால் ஒலிமுறையில் அழைக்கும். கடைசி ‘டி’-க்குப் பதில் ‘பி’ என்றால் வெட்டுமுறை. ‘ஏ டி ஏ’ வரும் அழைப்பை ஏற்கும். ‘ஏ டி எச்’ துண்டிக்கும். இணைப்பு நடுவில் கணப்பொழுது குரல் அறுந்ததும் துண்டிக்கும் மோடங்களுக்கு ‘ஏ டி எஸ் 10 = 50’ என்று சொல்லி வையுங்கள்; ஐந்து நொடி பொறுக்கும். வழக்கமாக அது ஒன்றரை நொடிகூடப் பொறுப்பதில்லை. காத்திருப்பு அழைப்பு வசதியின் ‘பீப்’ ஒலியால் அறுபடும் இணைப்புகளுக்கு இது ஓரளவு உதவும். அவ்வசதியையே நீக்கிவிடுவது முழு மருந்து.

ஓர் ஆய்வகத்தில் கண்டது

மேலே சொன்னவை நூலறிவாகத் தோன்றலாம். எங்கள் துறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வுப் பட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இருந்தார் தமிழ்நாட்டு அக்கா ஒருவர். அவருடைய ஏட்டை மதிப்பிட்டவர் சில வரைபடங்களுக்குரிய மூல அளவீடுகளைக் கேட்டுவிட்டார். அவையோ விண்டோஸ் 98 ஓடும் கருவிக் கணிப்பொறியில் மட்டுமே இருந்தன. ஏறத்தாழ 40 மெகாபைட்டு. நெகிழ்தட்டு இயக்கி என்றோ உயிர்விட்டது. வலைப்பின்னல் அட்டை இல்லை. வன்தட்டைக் கழற்றி வேறு பொறியில் பொருத்துவதே நேர்வழி என்று நான் இன்றும் கருதுகிறேன். ஆனால் கருவியின் பொறுப்பாளர் அதற்கு இசையவில்லை. மூடியைத் திறந்தபின் பொறி மீண்டும் எழாவிட்டால் கருவியே முடங்கும் என்பது அவர் அச்சம். அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. தொடர்வாயில்கள் இரண்டில் ஒன்றில் சுட்டியும் மற்றொன்றில் கருவியும் மாட்டியிருந்தன. எஞ்சியது உள்ளே செருகியிருந்த பழைய ஐ.எஸ்.ஏ. வகை மோடம் அட்டை.

அறையில் துறையின் உள்-தொலைபேசி ஒன்று இருந்தது. அடுத்த மாடியிலும் ஒன்று இருந்தது. இணைய நிறுவனம் எதற்கு? மேல் மாடித் தொலைபேசிக் கம்பியில் மடிக்கணினியோடு ஒரு வெளி மோடத்தை மாட்டி, கீழேயிருந்து அதன் நான்கு இலக்க எண்ணை அழைத்தால் போதுமே!

முதற் சோதனையிலேயே ஒரு விந்தை. ‘ஏ டி’ என்று தட்டினோம், விடை வரவில்லை, சுட்டியும் உறைந்துபோனது. பொறியை மறுபடி எழுப்பிச் சுட்டியை அசைக்காமல் தட்டினோம். ‘ஓ’ என்ற எழுத்து மட்டும் வந்து நின்றது. இதன் காரணம் அக்காலப் பொறிகளின் அமைப்பில் உள்ளது. ஒரு கருவி “என்னைக் கவனி” என்று மூளைக்குச் சொல்லும் அழைப்புமணிக்கு ‘ஐ.ஆர்.கியூ.’ என்று பெயர். காம் 1, காம் 3 என்னும் இரு வாயில்களும் 4-ஆம் மணியைப் பகிர்ந்துகொள்ளும். காம் 2-உம் காம் 4-உம் 3-ஆம் மணியை. சுட்டி காம் 1-இல். மோடம் காம் 3-இல். இரண்டு வீட்டுக்கு ஒரே அழைப்புமணி! ஒருவர் அடித்தால் மற்றவர் வீட்டுக் கதவு திறக்கிறது. அட்டையில் உள்ள சிறு செருகிகளை மாற்றி வேறு மணி தரலாம். ஆனால் மூடியைத் திறக்க அனுமதி இல்லையே. ஆகவே சுட்டியையே கழற்றி வைத்துவிட்டு, விண்டோஸில் காம் 1-ஐ முடக்கி, வேலை முழுவதையும் விசைப்பலகையால் செய்தோம். ‘ஓ கே’ வந்தது.

அடுத்து ‘நோ டயல் டோன்’. ‘எக்ஸ் 3’ சொன்னதும் அழைத்தது. மேலே ‘ஏ டி ஏ’ தட்டியதும் இரைச்சல் எழுந்து, 31,200 பிட்டு வேகத்தில் இணைந்தன. இருபுறமும் ஒலிவடிவக் கம்பி ஆதலால் 33,600-க்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் முதற் கோப்பை அனுப்பியபோது பிழை மேல் பிழை. கம்பி தூயதாக இருந்தும் பிழை ஏன்? மோடம் தரும் எழுத்துகளை வாங்கி வைக்கும் சில்லில் எவ்வளவு இடம் என்பது இங்கே கேள்வி. பழைய 8250 வகைச் சில்லில் ஒரே எழுத்துக்குத்தான் இடம். பின்வந்த 16550ஏ வகையில் 16 எழுத்துகள் வரிசையில் நிற்கலாம். 115,200 வேகத்தில் ஓர் எழுத்து 87 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை வந்து விழும். மூளை சற்று வேறுபக்கம் திரும்பினால் முந்தைய எழுத்தின் மேல் அடுத்தது விழுந்து அழியும். கணிப்பொறிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள வேகத்தை 38,400-க்கு இறக்கி, ‘வன்பொருள்வழிக் கட்டுப்பாடு’ என்பதைத் தேர்ந்தெடுத்ததும் பிழைகள் நின்றன. வேகத்தைக் குறைத்ததால் வேலை விரைந்தது!

‘இஸட்-மோடம்’ என்னும் அனுப்பு முறையைப் பயன்படுத்தினோம். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் நற்குணம் அதற்கு உண்டு. மூன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒருமுறை யாரோ உள்-தொலைபேசியைப் பயன்படுத்த முயன்று கிளைக்கருவியைத் தூக்கியதில் அறுந்தது. மீண்டும் அழைத்துத் தொடர்ந்தோம். கோப்புகள் முழுமையாக வந்தன. ஆனால் அக்காவுக்கு வேறொரு வேலை காத்திருந்தது. பொறியின் உள்ளே காலத்தை நினைவில் வைக்கும் நாணய வடிவ மின்கலம் செத்துப்போயிருந்ததால், பல கோப்புகளில் 1980 ஜனவரி 1 என்று நாள் பதிந்திருந்தது. ஆய்வுக் குறிப்பேட்டை விரித்து வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் உரிய நாளைக் கையால் எழுதிச் சேர்த்தார். கையெழுத்துக் குறிப்பேடு இல்லாதிருந்தால் அந்த 40 மெகாபைட்டு வெறும் எண்குவியலே.

இணைந்த பின்னும் பக்கம் திறவாமை

இணைய நிறுவனத்தை அழைப்போர்க்கு மோடங்கள் கைகுலுக்கிய பின்னும் சில படிகள் உண்டு. ‘பி.பி.பி.’ என்னும் ஒழுங்குமுறையில் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும், தவறானால் 691. பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின் நம் பொறிக்கு ஓர் எண் முகவரி தரப்படும், அதில் உடன்பாடு இல்லையேல் 720, டி.சி.பி./ஐ.பி. என்னும் பகுதி சரியாக நிறுவப்படவில்லை என்பது பெரும்பாலும் அதன் பொருள். மோடம் ஏற்கெனவே வேறு நிரலின் பிடியில் இருந்தால் 633. நாம் சோதனைக்குத் திறந்த ஹைப்பர்டெர்மினலை மூடாமையே அதற்கு வழக்கமான காரணம்.

எல்லாம் முடிந்தும் பக்கம் வரவில்லையா? ‘பிங்’ என்னும் கட்டளையால் 127.0.0.1-ஐ அழையுங்கள், விடை வந்தால் பொறியின் உள்ளமைப்பு நலம். பிறகு வெளியே உள்ள ஓர் எண் முகவரியை அழையுங்கள். பிறகு ஒரு பெயரை. எண் விடை தந்து பெயர் விடை தராவிட்டால் பெயரை எண்ணாக்கும் டி.என்.எஸ். முகவரி தவறு. மூன்றும் சரியாயிருந்து பக்கம் மட்டும் மறுத்தால், இன்றைய நிலையில் காரணம் கம்பியில் இல்லை. இப்போது வலைத்தளங்கள் பெரும்பாலும் பூட்டிய உறையிலேயே கடிதம் அனுப்புகின்றன. பூட்டின் பழைய வகைகளான டி.எல்.எஸ். 1.0, 1.1 இரண்டையும் பெரிய உலாவிகள் 2020-இல் கைவிட்டன. விண்டோஸ் 98-இன் உலாவிக்குப் புதிய பூட்டுகள் தெரியா. பொறியின் நாள்காட்டி பிழைபட்டிருந்தாலும் சான்றிதழ்கள் காலம் கடந்தவையாகவோ இன்னும் பிறவாதவையாகவோ தோன்றி மறுக்கப்படும். அதே நாணய மின்கலந்தான்! அதனை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

பக்கம் திறந்தாலும் பொறுமை வேண்டும். இரண்டு மெகாபைட்டு எடையுள்ள ஒரு பக்கம் 40,000 பிட்டு வேகத்தில் வர ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆகும். படங்களை அணைத்து வைப்பதே அறிவுடைமை.

கடைசியாக ஒன்று. செப்புக்கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை போடப்பட்ட இடங்களில், சுவரில் அதே தொலைபேசித் துளை இருக்கும். குரலும் தெளிவாக இருக்கும். மோடம் மட்டும் இணையாது. அங்கே குரல் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகிறது. மனிதக் குரலுக்கு ஏற்றவாறு அதனைச் சுருக்கும் முறைகள் மோடத்தின் நுண்ணிய கட்ட வேறுபாடுகளைக் குப்பையென்று வீசிவிடும். பொட்டலங்கள் முன்பின்னாக வருவதும் அதன் தாளத்தைக் குலைக்கும். வேகத்தை 9600-க்கோ அதற்கும் கீழோ கட்டுப்படுத்திப் பாருங்கள். சுருக்காமல் அனுப்பும் ‘ஜி.711’ முறை அமைந்திருந்தால் சில இடங்களில் இணையும். ‘ஜி.729’ என்றால் முயற்சியை விட்டுவிட்டு, செப்புக்கம்பி இன்னும் ஓடும் உள்-இணைப்பகம் ஒன்றைத் தேடுங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் கிடைக்கும்.